வீட்டு பிசியை மருத்துவ ஆராய்ச்சிக்கு ஓட விடலாமா? இதனால நிஜமாவே பிரயோஜனம் உண்டா?

உங்க கேள்விய சுருக்கமா எடுத்துக்கறேன். வீட்ல கேமிங்குக்காக வாங்கின பிசி இருக்கு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, நீங்க ஆபீஸ் போனதுக்கப்புறம் பகல் முழுக்க சும்மா கிடக்கு. அம்மாவுக்கு அல்சைமர். அந்த மிஷினை ஏதாவது ஆராய்ச்சிக்கு குடுக்க முடியுமான்னு தேடினப்போ ஃபோல்டிங் அட் ஹோம்னு, ஜனங்களோட வீட்டு கம்ப்யூட்டர்கள்ல ஆராய்ச்சி கணக்கு போடற ஒரு ப்ராஜெக்ட் கண்ணுல பட்டிருக்கு. இது நிஜமா, இல்ல நம்ம கரண்ட்ல யாரோ காயின் மைனிங் (கிரிப்டோ காசு சம்பாதிக்கற கணக்கு) பண்றாங்களா, இதுவரைக்கும் இதால மருந்து ஏதாவது வந்திருக்கா, ஈபி பில் எவ்ளோ ஏறும், கார்டு போயிடுமா, இவ்வளவும் கேட்டிருக்கீங்க.

நிஜம்தான். மைனிங் கிடையாது. பிரயோஜனமும் உண்டு, ஆனா அந்த பிரயோஜனம் எந்த ரூபத்துல வருதுன்னு முதல்லயே தெரிஞ்சுக்கிட்டா நல்லது, ஏன்னா "என் கம்ப்யூட்டர் மருந்து கண்டுபிடிக்கும்"ங்கற நினைப்போட ஆரம்பிக்கறவங்க பெரும்பாலும் கொஞ்ச நாள்ல நிறுத்திடறாங்க. உங்க பிசி செய்யப்போறது ஒரு நீளமான கணக்கோட ஒரு சின்ன துண்டு, அதை நேரத்துக்கு முடிச்சு திருப்பி அனுப்பணும், அவ்வளவுதான். அந்த சின்ன துண்டு ஏன் முக்கியம்னு புரிஞ்சா, மத்த கேள்விகளுக்கு பாதி பதில் அதுலயே வந்துடும்.

நம்ம உடம்புல இருக்கற ப்ரோட்டீன் எல்லாம் ஒரு நீள சங்கிலியா உருவாகி, அப்புறம் தானே சுருண்டு மடிஞ்சு ஒரு வடிவத்துக்கு வருது. வடிவம் சரியா இருந்தாத்தான் அது தன் வேலைய செய்யும். தப்பா மடிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா பிரச்சனை, அல்சைமர்ல மூளைக்குள்ள அமிலாய்ட் பீட்டாங்கற ப்ரோட்டீன் துண்டு கட்டி கட்டியா சேர்றது அந்த வகை. சரியா மடிஞ்ச ப்ரோட்டீனும் அசையாம உக்காந்திருக்கறது இல்ல, எந்நேரமும் ஆடிக்கிட்டே, திறந்து மூடிக்கிட்டேதான் இருக்கும். இந்த அசைவை லேப்ல நேரடியா அணு அணுவா பாக்கறது ரொம்ப கஷ்டம், அதனால கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் பண்றாங்க. ப்ரோட்டீனையும் அதைச் சுத்தி இருக்கற தண்ணியையும் சேர்த்து பல்லாயிரம், சில சமயம் லட்சக்கணக்கான அணுக்கள், ஒவ்வொண்ணு மேலயும் மத்ததெல்லாம் எவ்வளவு விசை குடுக்குதுன்னு கணக்கு போட்டு, எல்லாத்தையும் ஒரு துளி நகர்த்தி, திரும்ப முதல்லேர்ந்து கணக்கு.

அந்த ஒரு துளிங்கறது பொதுவா 2 ஃபெம்டோ செகண்ட் (பத்து லட்சம் ஃபெம்டோ செகண்ட் சேர்ந்தா ஒரு நானோ செகண்ட், நூறு கோடி நானோ செகண்ட் சேர்ந்தா ஒரு செகண்ட்). அதாவது ஒரு நானோ செகண்ட் நேரம் ப்ரோட்டீன் எப்படி அசைஞ்சுதுன்னு பாக்கவே 5 லட்சம் தடவை இந்த கணக்கை போடணும், ஒரு மைக்ரோ செகண்டுக்கு 50 கோடி தடவை. ஆனா ப்ரோட்டீன்ல சுவாரசியமா ஏதாவது நடக்கறது மைக்ரோ செகண்ட், மில்லி செகண்ட் கணக்குலதான். உங்க 3060 மாதிரி ஒரு கார்டு நாள் பூரா ஓடினாலும் சில பத்துலேர்ந்து சில நூறு நானோ செகண்ட்தான் தேறும். ஒரே மிஷினை நம்பினா வருஷக்கணக்கா உக்காந்திருக்கணும்.

ஸ்டான்ஃபோர்டுல விஜய் பாண்டே 2000 அக்டோபர்ல ஃபோல்டிங் அட் ஹோமை ஆரம்பிச்சப்போ எடுத்த வழி என்னன்னா, ஒரே நீளமான சிமுலேஷனுக்கு பதிலா ஆயிரக்கணக்கான குட்டி சிமுலேஷன்களை வேற வேற ஆரம்ப நிலையிலேர்ந்து தனித்தனியா ஓட விட்டு, அப்புறம் எந்த நிலையிலேர்ந்து எந்த நிலைக்கு எவ்வளவு அடிக்கடி போகுதுன்னு புள்ளிவிவரமா சேர்த்து பெரிய படத்தை எடுக்கறது. பின்னாடி இந்த முறை மார்க்கோவ் ஸ்டேட் மாடல்ங்கற பேர்ல வளர்ந்துது. குட்டி துண்டுங்கறதாலதான் வீட்டு பிசிக்கு அனுப்ப முடியுது. 2002லயே ஒரு சின்ன ப்ரோட்டீன் மடிய எவ்வளவு நேரம் ஆகும்னு நிறைய குட்டி சிமுலேஷன்களை வச்சே கணிச்சு, லேப்ல அளந்த நேரத்தோட ஒத்துப் போச்சுன்னு நேச்சர் இதழ்ல போட்டாங்க. அங்கேர்ந்துதான் "இது விளையாட்டு இல்ல"ன்னு மத்த விஞ்ஞானிகளும் ஒத்துக்க ஆரம்பிச்சாங்க.

உங்க மிஷினுக்கு வர்ற துண்டுக்கு பேரு வொர்க் யூனிட். ப்ரோகிராம் தன் வேலைய வரி வரியா குறிச்சு வைக்கற லாகைத் திறந்து பாத்தீங்கன்னா ப்ராஜெக்ட், ரன், க்ளோன், ஜென்னு நாலு நம்பர் இருக்கும். ப்ராஜெக்ட் எந்த ப்ரோட்டீன்னு சொல்லும், ரன்னும் க்ளோனும் எந்த ஆரம்ப நிலை, எந்த நகல்னு சொல்லும், ஜென்னுங்கறது அந்த சிமுலேஷன்ல இது எத்தனாவது துண்டுங்கறது. இங்கதான் நிறைய பேர் கவனிக்காத விஷயம் இருக்கு. ஜென் 41ஐ நீங்க முடிச்சு அனுப்பினாத்தான் சர்வர் அதோட கடைசி நிலைய எடுத்து ஜென் 42ஐ உருவாக்கி வேற யாருக்கோ, போலந்துலயோ பிரேசில்லயோ ஒருத்தருக்கு அனுப்பும். தொடர் ஓட்டத்துல குச்சி கை மாறுற மாதிரி. நீங்க வாங்கி வச்சுக்கிட்டு மூணு நாள் பிசிய ஆஃப் பண்ணிட்டு ஊருக்கு போயிட்டீங்கன்னா அந்த ஒரு க்ளோன் மூணு நாள் அப்படியே நிக்கும். அதுக்குத்தான் ஒவ்வொண்ணுக்கும் கெடு வச்சிருக்காங்க, தாண்டினா அதே துண்டை வேற ஆளுக்கு குடுத்துடுவாங்க, உங்க கரண்ட் வேஸ்ட். இதை ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, 24 மணி நேரமும் ஓட்டினாத்தான் உதவின்னு நினைச்சு மாஞ்சு மாஞ்சு ஓட்டிட்டு பில் பாத்து பயந்து மொத்தமா நிறுத்தறதை விட, தினம் எட்டு மணி நேரம் ஓட்டி எடுத்ததை முடிச்சு குடுக்கறவங்கதான் அவங்களுக்கு வேணும்.

ப்ரோகிராம்ல ஃபோல்ட் (ஓட்டு), பாஸ் (அப்படியே நிறுத்தி வை), ஃபினிஷ் (முடிச்சுட்டு நிறுத்து)னு மூணு பட்டன் இருக்கும். ஆஃப் பண்ணப்போறீங்கன்னா பாஸ் அமுக்காதீங்க, கொஞ்ச நேரம் முன்னாடியே ஃபினிஷ் அமுக்குங்க, கையில இருக்கறதை முடிச்சு அனுப்பிட்டு புதுசு எடுக்காம நின்னுக்கும். 3060ல ஒரு யூனிட்டுக்கு ப்ராஜெக்டை பொறுத்து ரெண்டு மூணு மணி நேரமும் ஆகலாம், எட்டு பத்து மணி நேரமும் ஆகலாம்.

இப்ப மைனிங் சந்தேகம். புதுசா கேக்கறவங்களுக்கு அது வர்றது நியாயம்தான், ரெண்டுலயும் கார்டு ஃபுல் லோடுல ஓடுது, ஃபேன் கத்துது. வித்தியாசம் எங்கன்னா இங்க யூனிவர்சிட்டி லேப்கள்தான் வேலை குடுக்குது, ப்ராஜெக்ட் நம்பரை வச்சு தேடினா எந்த லேப், எதுக்கு பண்றாங்கன்னு விளக்கம் போட்டிருப்பாங்க, முடிவுகள் பேப்பரா வருது, டேட்டாவும் பொதுவுல வைக்கறாங்க. ஸ்டான்ஃபோர்டுக்கு அப்புறம் கிரெக் போமன் பொறுப்பு எடுத்தாரு, செயின்ட் லூயிஸ்ல வாஷிங்டன் யூனிவர்சிட்டில இருந்தாரு, இப்ப பென்சில்வேனியா யூனிவர்சிட்டி. கணக்கு போடற இன்ஜின்களும், க்ரோமாக்ஸ், ஓப்பன்எம்எம், ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ், உலகம் பூரா ஆராய்ச்சிக்காரங்க தினம் உபயோகிக்கறதுதான். ஜாக்கிரதை ஒண்ணே ஒண்ணுதான், ப்ரோகிராமை அவங்க சொந்த தளத்துலேர்ந்து மட்டும் இறக்குங்க. யாரோ டெலிகிராம்ல அனுப்பின செட்டப் ஃபைல், "இதுல பாயிண்ட் ஜாஸ்தி வரும்"னு சொல்ற வெர்ஷன் எதையும் தொடாதீங்க, உண்மையான மைனிங் ப்ரோகிராமை ஒளிச்சு வைக்கறது அங்கதான். காசு கேக்கற எதுவும் இது இல்ல.

பலன் என்னன்னு கேட்டீங்கல்ல, அதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

2020 மார்ச்ல நடந்ததை சொன்னாத்தான் இதோட அளவு புரியும். அதுவரைக்கும் சுமார் 30,000 பேர்தான் ஓட்டிட்டு இருந்தாங்க. கொரோனா ப்ரோட்டீன்களை சிமுலேட் பண்ணப்போறோம்னு அறிவிச்ச சில வாரத்துல லட்சக்கணக்குல ஜனங்க வந்து சேர்ந்தாங்க, மொத்தத்துல பத்து லட்சம் பேருக்கு மேல. மார்ச் கடைசில எக்ஸாஃப்ளாப்ங்கற அளவை தாண்டிச்சு, அதாவது செகண்டுக்கு ஒண்ணு போட்டு பக்கத்துல 18 சைபர் போட்ட அளவு கணக்கு, ஏப்ரல்ல 2.4 எக்ஸாஃப்ளாப். அன்னிக்கு உலகத்துல இருந்த டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் கூட்டினாலும் அதை விட ஜாஸ்தி. ஒரு கட்டத்துல குடுக்கறதுக்கு வேலை பத்தாம வீட்டு மிஷின்கள் காத்துக்கிட்டு நின்னுது, சர்வர் தாங்கல, அப்புறம் பெரிய க்ளவுட் கம்பெனிகள் இடம் குடுத்து சமாளிச்சாங்க.

அந்த கணக்கெல்லாம் சேர்த்து வைரஸோட ப்ரோட்டீன்களுக்கு மொத்தம் 0.1 செகண்ட் சிமுலேஷன் கிடைச்சுது. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். 2 ஃபெம்டோ செகண்ட் வச்சு பாத்தீங்கன்னா 50 லட்சம் கோடி ஸ்டெப். அதுல என்ன தெரிஞ்சுதுன்னா, வைரஸ் மேல நீட்டிக்கிட்டு இருக்கற ஸ்பைக் ப்ரோட்டீன் நம்ம செல்லை பிடிக்க வாயைத் திறக்குதே, அது மைக்ராஸ்கோப் படங்கள்ல தெரிஞ்சதை விட ரொம்ப அகலமா திறக்குது. அது மட்டுமில்ல, சாதாரண நிலையில கண்ணுக்கே தெரியாம, ப்ரோட்டீன் அசையும்போது மட்டும் திறந்து மூடற குழிகள் 50க்கு மேல கண்டுபிடிச்சாங்க. மருந்து மூலக்கூறு போய் உக்கார அந்த மாதிரி குழி ஒண்ணு வேணும். இது 2021ல நேச்சர் கெமிஸ்ட்ரில வந்துது. எபோலா வைரஸோட விபி35ங்கற ப்ரோட்டீன்லயும் இதே மாதிரி ஒளிஞ்சிருக்கற குழி ஒண்ணை போமன் குழு முதல்ல சிமுலேஷன்ல பாத்து, அப்புறம் லேப்ல சோதிச்சு உறுதி பண்ணாங்க. அதுவரைக்கும் அந்த ப்ரோட்டீனை மருந்தால தாக்கறது நடக்காத காரியம்னுதான் இருந்தாங்க.

இன்னொண்ணு கோவிட் மூன்ஷாட். இது எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. 2020 மார்ச்ல இங்கிலாந்துல டயமண்ட் லைட் சோர்ஸ்ங்கற ஆராய்ச்சி நிலையத்துல, கொரோனாவோட முக்கிய புரோட்டியேஸ் (வைரஸ் பெருக தேவையான ஒரு ப்ரோட்டீன்) மேல எந்தெந்த குட்டி மூலக்கூறு ஒட்டுதுன்னு பாத்து அந்த டேட்டாவை அப்படியே பொதுவுல போட்டாங்க. உலகம் பூரா இருக்கற கெமிஸ்ட்டுங்க "இதை இப்படி மாத்திப் பாருங்க"ன்னு ஆயிரக்கணக்குல டிசைன் அனுப்பினாங்க. அத்தனையையும் லேப்ல செய்ய முடியாது, காசும் பத்தாது நேரமும் பத்தாது. எது நல்லா ஒட்டும்னு முன்கூட்டி கணக்கு போட்டு வடிகட்ட நியூயார்க்ல ஜான் சோடெராவோட குழு ஃபோல்டிங் அட் ஹோமை உபயோகிச்சாங்க, வடிகட்டினதை உக்ரைன்ல இருக்கற எனமைன் கம்பெனி தயாரிச்சு குடுத்துது. பேட்டன்ட் எதுவும் எடுக்கல. மொத்த வேலையும் 2023 நவம்பர்ல சயின்ஸ் இதழ்ல வந்துது. அந்த வடிகட்டுற கணக்கு ஓடினது ஜனங்க வீட்டு கார்டுகள்லதான்.

கேன்சர் பக்கம் ஒரு உதாரணம், வேற ப்ராஜெக்ட்லேர்ந்து. ஐபிஎம் 2004 நவம்பர்ல வேர்ல்ட் கம்யூனிட்டி க்ரிட்னு ஆரம்பிச்சாங்க. அதுல 2009ல ஜப்பான்ல சிபால இருக்கற ஆராய்ச்சிக்காரங்க ஒரு வேலை போட்டாங்க, குழந்தைகளுக்கு வர்ற நியூரோபிளாஸ்டோமாங்கற புற்றுநோய்க்கு. 30 லட்சம் ரசாயனங்களை ஒவ்வொண்ணா எடுத்து, அந்த நோய்ல சம்பந்தப்பட்ட ப்ரோட்டீன்ல பொருந்துதான்னு கம்ப்யூட்டர்ல பாக்கணும். வீட்டு மிஷின்கள்ல ஓட்டி, தேறினதை லேப்ல சோதிச்சு, கடைசில ஏழு மூலக்கூறு கிடைச்சுது, எலிகள்ல கட்டிய குறைச்சுது, பெரிய பக்க விளைவும் தெரியல. 2014ல வெளியிட்டாங்க. 30 லட்சத்துலேர்ந்து ஏழு. அந்த ஏழும் மருந்துக்கடைக்கு வந்துடுச்சான்னு கேட்டா, இல்ல. எலியிலேர்ந்து மனுஷனுக்கு போற பாதை ரொம்ப நீளம், பெரும்பாலானது நடுவுலயே விழுந்துடும், அது இந்த துறையோட இயல்பு. ஆனா மீதி 29 லட்சத்து சொச்சத்தை லேப்ல தொட்டுப் பாத்து கழிக்கற செலவு யாருக்கும் வரல பாருங்க, வீட்டு பிசி செய்யற உதவி பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்.

"ஆல்ஃபாஃபோல்ட்னு ஏஐ ப்ரோகிராம் வந்தாச்சே, ப்ரோட்டீன் மடிப்பு பிரச்சனை முடிஞ்சுதே, நோபல் கூட குடுத்துட்டாங்களே"ன்னு யாராவது உங்ககிட்ட கண்டிப்பா சொல்வாங்க. 2024 வேதியியல் நோபல்ல பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பருக்கு அதுக்காகத்தான் போச்சு, உண்மை. ஆனா ஆல்ஃபாஃபோல்ட் சொல்றது மடிஞ்சதுக்கு அப்புறம் ப்ரோட்டீன் எந்த வடிவத்துல நிக்கும்னு. அது எப்படி ஆடுது, எந்த குழி எப்போ திறக்குது, ஒரு மருந்து ஒட்டினா என்ன மாறுது, ஒரு மியூட்டேஷன் (மரபணு மாற்றம்) வந்தா ஏன் தப்பா மடியுது, இதுக்கெல்லாம் இன்னும் அணு அணுவா ஓட்டித்தான் பாக்கணும். சொல்லப்போனா நல்ல ஆரம்ப வடிவம் சுலபமா கிடைக்கறதால இப்ப சிமுலேஷன் பண்ணத் தகுந்த ப்ரோட்டீன்கள் முன்னை விட ஜாஸ்தி.

அந்த நோபல்ல மறு பாதி வாங்கினவரு டேவிட் பேக்கர், அவரும் இந்த உலகத்து ஆளுதான். சியாட்டில்ல அவர் லேப் 2005லேர்ந்து ரொசெட்டா அட் ஹோம் நடத்தறாங்க, புது ப்ரோட்டீன் டிசைன் பண்றது அவங்க வேலை. ஆனா அது சிபியூல (கம்ப்யூட்டரோட மெயின் ப்ராசஸர்ல) மட்டும்தான் ஓடும், கிராபிக்ஸ் கார்டுல ஓடாது, அவங்க லேப்பும் இப்ப ஏஐ பக்கம் நிறைய போயிட்டதால வேலை விட்டு விட்டுத்தான் வருது. வேர்ல்ட் கம்யூனிட்டி க்ரிட் 2021ல ஐபிஎம் கைலேர்ந்து டொரான்டோவுல க்ரெம்பில் ஆராய்ச்சி நிலையத்துக்கு போச்சு, கை மாறுனப்போ சில மாசம் நின்னும் போச்சு, அதுல மேப்பிங் கேன்சர் மார்க்கர்ஸ்னு 2013லேர்ந்து ஓடற ப்ராஜெக்ட் இருக்கு. இதெல்லாம் பாய்ங்க்ங்கற பொது ப்ரோகிராம் வழியா வரும், பெர்க்லில டேவிட் ஆண்டர்சன் பண்ணது, வேற்றுக்கிரகவாசி சிக்னல் தேடின செட்டி அட் ஹோம் பேர் கேட்டிருப்பீங்க, அதே ஆளு. பார்சிலோனாவோட ஜிபியூக்ரிட்டும் இதுலதான். உங்ககிட்ட நல்ல கார்டு இருக்கறதால என் சிபாரிசு ஃபோல்டிங் அட் ஹோம்தான், சிபியூ மட்டும் இருக்கற பழைய மிஷின்னா பாய்ங்க் போட்டு ரெண்டு மூணு ப்ராஜெக்ட் சேர்த்து வைக்கலாம், ஒண்ணுல வேலை இல்லன்னா இன்னொண்ணு குடுக்கும்.

அல்சைமருக்கே போகணும்னா, செட்டிங்ல எந்த நோய்க்கு முன்னுரிமைன்னு கேக்கும், அல்சைமர் அதுல இருக்கு, தேர்ந்தெடுங்க. ஆனா அது முன்னுரிமை மட்டும்தான், அந்த நேரத்துல அல்சைமர் வேலை இல்லன்னா கேன்சரோ வேற ஏதோ வரும். அதை மாத்த முயற்சி பண்ணாதீங்க. அம்மாவுக்கு இப்ப நேரடியா இதால ஒண்ணும் மாறாது, அதை மறைச்சு சொல்ல எனக்கு மனசு வரல. இந்த வேலை பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு வர்றவங்களுக்கான அஸ்திவாரம். உடனே ஒருத்தருக்கு போய்ச் சேரணும்ங்கறதுதான் ஆசைன்னா, பில்லுக்கு ஆகற காசை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் மாதிரி இடத்துக்கோ முதியோர் பராமரிப்பு பண்ற நல்ல அமைப்புக்கோ குடுக்கறதுதான் நேர் வழி. ரெண்டும் பண்றவங்களும் இருக்காங்க.

பில் கணக்குக்கு வருவோம். 3060 கார்டு ஃபுல் லோடுல 170 வாட் வரைக்கும் இழுக்கும், மத்ததெல்லாம் சேர்த்து ப்ளக்ல சுமார் 250 வாட்னு வைங்க, மானிட்டர் ஆஃப். நாலு மணி நேரத்துக்கு ஒரு கரண்ட் யூனிட். ஆபீஸ் நாள்ல மட்டும் எட்டு மணி நேரம்னா தினம் 2 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 44 வேலை நாள்னு போட்டா 88 யூனிட். விடாம 24 மணி நேரமும்னா அதே பில்லுக்கு 360 யூனிட். இங்கதான் கவனமா இருக்கணும், நம்ம ஊர் ரேட் ஸ்லாப் ஸ்லாபா ஏறுது, இந்த யூனிட்டெல்லாம் உங்க உபயோகத்தோட மேல் நுனில போய் உக்காரும், அதனால சராசரி ரேட்டால பெருக்காதீங்க, உங்களோட கடைசி ஸ்லாப் ரேட்டால பெருக்குங்க. ஏற்கனவே ஏசி ஓடி 450 யூனிட் வர்ற வீடுன்னா 88 சேர்ந்ததும் 500 தாண்டும், தாண்டினா மேல இருக்கறதுக்கு மட்டுமில்ல, கீழ இருக்கற கொஞ்சம் யூனிட்டுக்கும் ரேட் மாறிடும். போன ஒரு வருஷ பில்லை எடுத்து வச்சு எந்த மாசத்துல இடம் இருக்குன்னு பாத்துட்டு அந்த மாசங்கள்ல ஓட்டுங்க. சோலார் போட்டிருந்தா பகல்ல ஓட்டறது ரொம்ப பொருத்தம்.

கரண்டை குறைக்க சுலபமான வழி பவர் லிமிட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கற கார்டு செட்டிங் ப்ரோகிராம்ல பவர் லிமிட்டை (கார்டு இழுக்கற கரண்டோட உச்ச வரம்பை) 70 சதவீதத்துக்கு இறக்கி வைங்க. வேகம் அந்த அளவுக்கு குறையாது, கொஞ்சம்தான் குறையும், சூடும் ஃபேன் சத்தமும் நல்லாவே குறையும். நான் எல்லாருக்கும் முதல்ல செய்ய சொல்றது இதைத்தான்.

கார்டு போயிடுமான்னா, நல்லா காத்தோட்டம் இருக்கற டெஸ்க்டாப்ல, டெம்பரேச்சர் 70 பக்கத்துல நின்னா கார்டுக்கு ஒண்ணும் ஆகாது. முதல்ல தேயறது ஃபேன்தான், அதை மாத்திக்கலாம். தூசி தட்டுங்க, கேபினட்டை சுவரோட ஒட்டி வைக்காதீங்க. மே மாசம் மத்தியானம், ரூமே 35 டிகிரி தாண்டி இருக்கும்போது மூடின ரூம்ல ஓட்டாதீங்க, 250 வாட்டும் அந்த ரூமுக்குள்ளதான் சூடா இறங்கும், அப்புறம் சாயங்காலம் நீங்க வந்து ஏசி போட்டு அதை வெளிய தள்ளணும், ரெண்டு செலவு. ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசமும் நான் நிறுத்தி வச்சிடறேன், ஐப்பசி மழை பிடிச்சதுலேர்ந்து மாசி வரைக்கும் நல்லா ஓட்டறேன். லேப்டாப்ல வேண்டாம். சின்ன இடத்துல சூடு தேங்கும், பேட்டரி உப்பிடும், கிடைக்கற பலன் அதுக்கு ஈடாகாது. ஃபோன்ல பாய்ங்க் போடலாம், சார்ஜ்ல இருந்து பேட்டரி நிரம்பினப்போ, வைஃபைல மட்டும்தான் ஓடும், ஆனா அங்கயும் சூடுதான் பிரச்சனை, உபயோகிக்காத பழைய ஃபோன்னாலும் நான் சொல்ல மாட்டேன்.

கரண்ட் கட் ஆனா வேலை போயிடாது. அப்பப்போ செக்பாயிண்ட் (அதுவரைக்கும் முடிச்சதோட பதிவு) எழுதிக்கும், லாக்ல சதவீதம் ஒண்ணு ஒண்ணா ஏறிட்டே வரும்போது நடு நடுவுல செக்பாயிண்ட்னு ஒரு வரி விழும், திரும்ப ஆன் பண்ணா கடைசி செக்பாயிண்ட்லேர்ந்து தொடரும். ஆனா வீட்டு இன்வெர்ட்டர்ல பிசி கனெக்ட் ஆகியிருந்தா ஒரு விஷயம் பாத்துக்கங்க. "பேட்டரில இருக்கும்போது நிறுத்து"ங்கற செட்டிங் லேப்டாப்புக்குத்தான் வேலை செய்யும், டெஸ்க்டாப்புக்கு தான் இன்வெர்ட்டர்ல ஓடறது தெரியவே தெரியாது. நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க, கரண்ட் போயிருக்கும், அம்மா இருக்கற ரூம் ஃபேனுக்கு வச்ச பேட்டரிய இது உறிஞ்சிக்கிட்டு இருக்கும். பிசி ப்ளக்கை இன்வெர்ட்டர் லைன்லேர்ந்து எடுத்துட்டு நேர் லைன்ல போடுங்க. ஒரு சின்ன யூபிஎஸ் தனியா இருந்தா இன்னும் நல்லது.

ஆபீஸ் மிஷின்ல போடலாமான்னு அடுத்து தோணும், கேக்காம போடாதீங்க. அமெரிக்காவுல ஜார்ஜியால ஒரு காலேஜ் சிஸ்டம் அட்மின் இந்த மாதிரி பொது கணக்கு ப்ரோகிராமை, அது மருத்துவம் கூட இல்ல, காலேஜ் கம்ப்யூட்டர்கள்ல அனுமதி இல்லாம போட்டதுக்கு கேஸ் ஆகி, 2002ல ப்ரொபேஷன், அபராதம்னு முடிஞ்சுது. எழுத்துல அனுமதி வாங்கினா தாராளமா போடலாம்.

போடறது கஷ்டமே இல்ல. இறக்கி இன்ஸ்டால் பண்ணா ப்ரௌசர்லயே கன்ட்ரோல் திறக்கும். பேர் ஒண்ணு வைங்க, பாஸ்கீ (உங்க பேருக்கான ரகசிய குறியீடு) கேட்டு வாங்கி போடுங்க, மெயில்ல வரும். பாஸ்கீ போட்டு முதல் பத்து வொர்க் யூனிட்டை ஒழுங்கா முடிச்சதுக்கு அப்புறம் சீக்கிரம் திருப்பித் தர்றவங்களுக்கு போனஸ் பாயிண்ட் சேரும். பாயிண்டுக்கு காசு மதிப்பு ஒண்ணும் கிடையாது, ஆனா நேரத்துக்கு முடிக்கறதைத்தான் அவங்க மதிக்கறாங்கன்னு அதுலயே தெரியும். ஜிபியூவை (அதான் கிராபிக்ஸ் கார்டை) ஆன் பண்ணுங்க, சிபியூ கோர் எல்லாத்தையும் குடுக்காதீங்க, ஜிபியூவுக்கு தீனி போட ஒரு கோராவது சும்மா இருக்கணும். உங்க கேஸ்ல நான் சிபியூவை மொத்தமா விட்டுடுவேன், கரண்டுக்கு தகுந்த வேலை கார்டுலதான் நடக்குது. "சும்மா இருக்கும்போது மட்டும்"ங்கறதை ஆன் பண்ணி வச்சா நீங்க கேம் ஆட உக்காந்ததும் அது ஒதுங்கிக்கும். ஃபயர்வால்ல எதுவும் திறக்க வேண்டாம், டேட்டாவும் பெருசா ஆகாது, ஒரு வொர்க் யூனிட்டுக்கு சில எம்பிலேர்ந்து சில பத்து எம்பி, வீட்டு ஃபைபர்ல தெரியவே தெரியாது.

முதல் வாரம் சனி, ஞாயிறு மாதிரி நீங்க வீட்ல இருக்கற நாள்ல ஓட்டிப் பாருங்க. டெம்பரேச்சர் எங்க போய் நிக்குது, ஒரு வொர்க் யூனிட்டுக்கு எத்தனை மணி நேரம் ஆகுது, மீட்டர்ல எவ்வளவு நகருது, இந்த மூணையும் குறிச்சு வச்சுக்கிட்டு அதுக்கப்புறம் ஆள் இல்லாத நேரத்துல விடுங்க. லாக்ல ஃபால்டி, பேட் வொர்க் யூனிட்னு அடிக்கடி வந்துச்சுன்னா ப்ராஜெக்ட் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி கார்டை ஓவர்க்ளாக் (கம்பெனி வச்ச வேகத்தை விட கூட்டி) பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க. கேம்ல ஒரு பிக்ஸல் தப்பா வந்தா கண்ணுக்கு தெரியாது, இங்க ஒரு அணு தப்பான இடத்துக்கு போச்சுன்னா மொத்த சிமுலேஷனும் வெடிச்சுடும், அதனால கேம்ல நல்லா ஓடற ஓவர்க்ளாக் இங்க தாங்காது. பழைய ஸ்பீடுக்கு இறக்கி, என்விடியா ட்ரைவரை அப்டேட் பண்ணிட்டு திரும்ப விடுங்க, பெரும்பாலும் அதோட சரியாயிடும்.